அர்த்தமே இல்லாத ஒரு பெயர்

சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, 14 வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பகலில் வங்கிக் குமாஸ்தா. ராத்திரியில் அம்மாவின் சமையலறையில் போட்டோ ரசாயனங்களோடு பரிசோதனை.

1888ல் 100 படம் எடுக்கும் கேமரா கொண்டுவந்தார். பெயர் கோடக். எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. சின்னதா இருக்கணும், எந்த நாட்டுக்காரர் வாயிலும் சிதையக்கூடாதுன்னு அவரே உண்டாக்கிய வார்த்தை. அதனால் நாட்டுக்கொரு பெயர் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் அவருக்குப் பிடித்த ‘கே’ எழுத்து. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான கில்போர்னுக்கும் அதுதான் முதல் எழுத்து. 1932ல் ஈஸ்ட்மன் இறந்தார்.

இங்கே ஆபீசில் என் பெயரைப் பாதியா வெட்டித்தான் கூப்பிடுறாங்க. நானும் விட்டுட்டேன். ஆனா மகளுக்குப் பெயர் தேடும்போது யோசிக்கிறேன்: கேமராவுக்கு அர்த்தம் இல்லாத பெயர் சரி, பிள்ளைக்குமா?