நடக்க முடியாத டாக்டர் கை கொடுத்தார்!

காட்பாடி ரெயில் நிலையம் எப்போதும் பரபரப்பாக இருக்கும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் வந்து இறங்குவார்கள். எல்லோரும் போகும் இடம் ஒன்றுதான். அதுதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

அவர்களில் சிலரை உறவினர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தவர்கள் அவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கென்றே வேலூரை அடுத்த பாகாயத்தில் ஒரு மறுவாழ்வு நிலையம் இருக்கிறது.

அந்த நிலையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் நடக்க முடியாதவர்தான்! அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ்.

கேரளத்துப் பெண்

மேரி 1925-ம் ஆண்டு கேரளத்தில், கொச்சிப் பகுதியில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். டாக்டர் படிப்புக்காக வேலூருக்கு வந்தார். படித்துப் பட்டம் பெற்று, அங்கேயே வேலையும் பார்த்தார். பெண்களுக்கான வைத்தியத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த ஆசை ஒரே நாளில் தகர்ந்து போயிற்று.

அன்று 1954-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேரியும் போனார். வழியில், முன்னால் சென்ற ஒரு பஸ்சை முந்திச் செல்ல வண்டி ஓட்டியவர் முயன்றார். கண் மூடித் திறப்பதற்குள் வண்டி நிலை தடுமாறிக் கவிழ்ந்தது.

மேரியின் முகம் கிழிந்தது. முதுகெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் தந்திக் கம்பி போன்றது. மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டுபோவது அதுதான். எலும்பு ஒட்டிக்கொள்ளும். அறுந்த தண்டுவடம் பழையபடி வேலை செய்யாது. டாக்டரான மேரிக்கு இது தெரியும். இனி நடக்க முடியாது என்ற உண்மையை அவருக்கு அதிக நாள் மறைத்து வைக்க முடியவில்லை.

யாரை நொந்துகொள்வது?

அப்போது அவருக்கு வயது முப்பது கூட ஆகவில்லை. இந்த நிலையில் மனம் என்ன பாடுபடும்?

செய்த தவறு மேரியுடையது அல்ல. யாரோ ஒருவரின் ஒரு நிமிட அவசரம், அவருடைய வாழ்நாளையே மாற்றிவிட்டது. தினமும் காலையில் கண் விழிக்கும்போது, அசையாத கால்கள் அதை நினைவூட்டும். கோபப்பட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

பிழை செய்தவரை மன்னிக்க வேண்டும் என்பது கிறிஸ்தவ மதத்தின் உயிரான போதனை. ஏசுநாதர் சிலுவையில் தொங்கியபோது, தம்மை அறைந்தவர்களுக்காகவே வேண்டிக்கொண்டார் என்று பைபிள் கூறுகிறது. எந்த நிலையிலும் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் அது சொல்கிறது. கோவிலில் உட்கார்ந்து கேட்க இது எளிது. படுக்கையில் கிடந்தபடி கடைப்பிடிப்பது எளிதா?

மேரிக்கும் அது எளிதாக வரவில்லை. ஆபரேஷன், வலி, மறுபடியும் ஆபரேஷன் என்று மாதங்கள் கழிந்தன. தமக்கு ஏன் இந்தத் துன்பம் என்று அவர் மனம் கலங்கினார். ஆனால் அந்தக் கேள்வியோடு அவர் நின்றுவிடவில்லை. போனதைப் பற்றிய கணக்கை விட்டார். இன்னும் தம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

மிச்சம் இருந்தவை இரண்டு கைகள்!

டாக்டர் பிராண்ட் காட்டிய வழி

அந்தக் கைகளுக்கு வேலை காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பாதிரியாரின் மகன். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைச் சீர்செய்து புகழ் பெற்றவர்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று மக்கள் பயந்திருந்த காலம் அது. உண்மையில் அந்தக் கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி போய்விடும். சூடு பட்டாலும் தெரியாது, வெட்டுப்பட்டாலும் தெரியாது. புண்ணுக்கு மேல் புண் வந்து விரல்கள் தேய்கின்றன. சில தசைகள் செயலிழப்பதால் விரல்கள் பருந்தின் நகம்போல மடங்கிக்கொள்கின்றன. நல்ல நிலையில் உள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தால், அவை மீண்டும் நீளும். இதுதான் பிராண்ட் செய்த சிகிச்சை.

இந்த ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். நோயாளியின் கையை ஒரு சிறு மேஜைமேல் வைத்தால் போதும். மேரி இதைக் கற்றுக்கொள்ளலாமே என்று பிராண்ட் யோசனை கூறினார்.

மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குள் வந்தார். மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி தோன்றி, இந்தப் பகுதியில் இந்தப் பணி வேகமாக வளர்ந்த காலம் அது.

தொழுநோயாளிகள் ஊராரால் ஒதுக்கப்பட்டவர்கள். சொந்த வீட்டிலும் இடம் இல்லாதவர்கள். தங்களைப் போலவே உடல் ஊனமுற்ற ஒரு டாக்டர், தங்கள் கையைத் தொட்டுச் சிகிச்சை செய்வதை அவர்கள் கண்டார்கள். மருந்து தராத தைரியத்தை அந்தக் காட்சி தந்தது. முகத்தில் தழும்போடு நாற்காலியில் இருப்பவரால் இவ்வளவு முடியுமானால், நம்மாலும் முடியும் அல்லவா?

கடல் கடந்து கற்ற வித்தை

மேரி அதோடு திருப்தி அடையவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், பிறர் உதவி இல்லாமல் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளப் பயிற்சி பெற்றார். பிறகு அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய புகழ்பெற்ற நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார்.

அந்த நாளில் முதுகெலும்பு முறிந்தவர்களைக் கைவிட்டுவிடுவதே பெரும்பாலும் வழக்கம். ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் படுக்கைப் புண் வரும். சிறுநீர்ப் பாதையில் கிருமி தாக்கும். முறிவில் சாகாதவர்கள் இவற்றால் செத்தார்கள். புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, ஒரு தொழில் செய்து பிழைப்பது இவற்றைக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் வாழ முடியும். இதைப் புத்தகத்தில் படித்தது மட்டும் அல்ல, தம் உடலிலேயே அறிந்தவர் மேரி.

1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியான நிலையங்களில் அதுவும் ஒன்று. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் அவர் காலமானார்.

மன்னிப்பு என்றால் என்ன?

மன்னிப்பது என்றால், நடந்தது சின்ன விஷயம் என்று சொல்வது அல்ல. மேரி இழந்தது சின்ன விஷயம் அல்ல. வலியும் தழும்பும் கடைசிவரை அவரோடு இருந்தன. சாலையில் அவசரப்படுவதும் நியாயமாகிவிடாது.

நன்றி சொல்வது என்றால், அடி விழுந்ததற்காக நன்றி சொல்வதும் அல்ல. அடிக்குப் பிறகும் கையில் எஞ்சியிருப்பதைக் கண்டுகொண்டு, அதைப் பிறருக்குப் பயன்படுத்துவதே நன்றி.

நம் வீடுகளிலும் இப்படி உண்டு. அண்ணன் ஏமாற்றினான், நண்பன் கெடுத்தான் என்று பல ஆண்டுகள் புழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! கெடுத்தவன் நிம்மதியாகத் தூங்குவான். புழுங்குகிறவருக்குத்தான் தூக்கம் போகும், வேலை கெடும், பிள்ளைகளின் முகம்கூடக் கண்ணில் படாது.

மேரி வர்கீஸ் அந்தச் சிறையில் அடைபடவில்லை. யாரால் விழுந்தோம் என்பதைவிட, விழுந்து கிடக்கும் எத்தனை பேரைத் தூக்கிவிடலாம் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. படுத்த படுக்கையாக வந்து, நாற்காலியைத் தாங்களே தள்ளிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் பாகாயத்தில் இன்றும் உண்டு.