கப்ரியேல் ழூவோ துப்ரேய்

கப்ரியேல் ழூவோ துப்ரேய் (1885 - 1945) புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளரும் வரலாற்றாசிரியரும் ஆவார். பல்லவர் வரலாற்றையும் தென்னிந்தியக் கோயிற்கலையையும் முறைப்படி ஆராய்ந்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். அரிக்கமேட்டின் சிறப்பை உணர்ந்து வெளியுலகுக்கு அறிவித்தவர் என்பதால் புதுச்சேரி மக்களிடையே நன்கு அறியப்படுகிறார். இவருடைய பெயர் தமிழ் நூல்களில் பலவாறாக எழுதப்படுகிறது.

வாழ்க்கை

இவர் சைகோனில் பிறந்தார். 1909 ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு வந்து அங்கிருந்த பிரெஞ்சுக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய இவரது நூல் 1914 இல் பிரெஞ்சு மொழியில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பல்லவர் பற்றிய நூல் 1917 இலும் தக்காணத்தின் பண்டைய வரலாறு 1920 இலும் வெளியாயின.

கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தையும் அதன் உறுப்புகளின் வடிவத்தைக் கொண்டு அறியலாம் என்பது இவருடைய முறை. தூணின் மேல் அமையும் போதிகை பல்லவர் காலத்தில் ஒருவாறும், சோழர் காலத்தில் வேறுவாறும், விசயநகரக் காலத்தில் தாமரை மொட்டுடனும் இருப்பதை வரிசைப்படுத்திக் காட்டினார். சித்தன்னவாசல் ஓவியங்களைக் கோபிநாத ராவுடன் ஆராய்ந்து வெளிப்படுத்தியவரும், 1931 இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பல்லவர் கால ஓவியங்களைக் கண்டறிந்தவரும் இவரே.

அரிக்கமேடு

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள இம்மேட்டின் இடிபாடுகளைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீய் குறிப்பிட்டிருந்தார். எனினும் அது பெரிதாகக் கருதப்படவில்லை. 1937 இல் அவ்வூர்ச் சிறுவர்களிடமிருந்து மணிகளையும் கற்களையும் துப்ரேய் விலைகொடுத்து வாங்கினார்; தரையில் வெளிப்பட்டுக் கிடந்தவற்றையும் பொறுக்கிச் சேர்த்தார். அவற்றுள் ஆண் முகம் செதுக்கிய கல் ஒன்று இருந்தது. அது உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என அவர் கருதினார். உரோமானியத் தொடர்புடைய நகரம் ஒன்று இங்கு இருந்தது என்று ஆளுநருக்கும் தெரிவித்தார்.

இதன்பின் 1940களின் தொடக்கத்தில் அங்கு தோண்டியவர்கள் பயிற்சி பெற்ற தொல்லியலாளர்கள் அல்லர். கிடைத்தவற்றுள் சில ஹனோய் வரை அனுப்பப்பட்டன. மண் அடுக்குகளைப் பதிவு செய்து அகழும் பணியை 1945 இல் மார்ட்டிமர் வீலர் மேற்கொண்டார். இத்தாலியின் அரெசோ நகரில் செய்யப்பட்ட சிவப்பு மட்கலங்களின் ஓடுகள் கிடைத்ததால், அவை இருந்த அடுக்குகளைக் கி.பி. முதலாம் நூற்றாண்டுடன் இணைக்க முடிந்தது. துப்ரேய் அதே 1945 இல் காலமானார்.

உலோக உணர்கருவியும் அரிக்கமேடும்

மெட்டல் டிடெக்டர் எனப்படும் கையடக்க உலோக உணர்கருவி இருந்திருந்தால் அரிக்கமேடு முன்னரே வெளிப்பட்டிருக்குமா என மாணவர்கள் கேட்பதுண்டு. வெளிப்பட்டிருக்காது என்றே கூறலாம். இக்கருவியின் கம்பிச்சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்விளைவைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்புகிறது. கண்ணாடி மணி, செதுக்கிய கல், சுட்ட மண் ஓடு ஆகியவற்றில் அத்தகைய மின்னோட்டம் உண்டாகாது. எனவே துப்ரேய்க்கு வழிகாட்டிய மணிகள் மீதும், வீலருக்குக் காலத்தைக் காட்டிய ஓடுகள் மீதும் கருவி ஓசையின்றிக் கடந்து சென்றிருக்கும்.

மண்ணில் தேடுவதற்கான கருவிகளும் ஒரு நாணயத்தை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையே நம்பகமாக உணரும். வாயிற்காவலர் வைத்திருக்கும் சிறு கருவியின் எல்லை சில அங்குலங்களே. உப்புநீர் ஊறிய ஆற்றங்கரை மண் பொய்யொலி தருவதும் உண்டு. பழங்காசுக்கும் நேற்றெறிந்த புட்டி மூடிக்கும் உள்ள கால வேறுபாட்டை இது அறியாது. எந்த அடுக்கில் பொருள் கிடந்தது என்பதையும் சொல்லாது. ஒலி கேட்ட இடத்தைத் தோண்டி எடுத்தால் அந்த அடுக்கே அழிந்துவிடும். அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கு உரிமமின்றி அகழ்வது 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

மேற்பரப்புக்கு அருகே பெரிய உலோகப் பொருள் இருந்தால் கதை வேறு. 1879 இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடு போன்ற செம்புத் தகடுகள் தெளிவான ஒலி தரக்கூடியவை. ஆனால் அதில் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தி உள்ளது என்பதை அறிய எழுத்தைப் படிப்பவரே வேண்டும்.

பிற்கால ஆய்வுகள்

வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தனர். உரோம வணிகத்திற்கு முன்பே அங்கு குடியிருப்பு இருந்ததும், அது பிற்காலத்திலும் தொடர்ந்ததும் பெக்லியின் ஆய்வுகளால் தெரியவந்தன.