அல்-பிரூனியும் மன்னார் முத்தும்

சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கடலின் முத்துப் பார்கள் சில காலம் செழிக்கும். பின்னர் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகிவிடும். அவ்வாறு சரந்தீவில் முத்துக் குளிப்பு அற்றுப்போயிருந்ததை 1030ஆம் ஆண்டளவில் எழுதிவைத்தவர் அபூ றைஹான் அல்-பிரூனி. 973இல் குவாரிஸ்மில் பிறந்து கஸ்னியில் மறைந்த அவர் மன்னாரைக் கண்டவரல்லர். சரந்தீவு முத்துக்கள் ஆபிரிக்கக் கரையின் சுபாலாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்ற பேச்சை, மக்களின் கூற்றாக மட்டுமே அவர் பதிந்தார்.

இரத்தினங்கள் பற்றிய தமது நூலில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மரகதத்தைக் கண்ட பாம்பு குருடாகும் என்பது அன்று கற்றோரும் ஒப்பிய செய்தி. ஒப்பியோரின் தொகை அவருக்குப் போதவில்லை. பாம்புக்கு மரகத மாலை அணிவித்தார். அதன் கூடையில் மரகதம் பரப்பினார். கண்ணெதிரே தொங்கவிட்டு ஆட்டினார். ஒரு நாளுடன் நிறுத்தியிருக்கலாம். பருவம் மாறினால் பலன் மாறுமோ என்ற ஐயத்துக்கும் இடம் வையாது, வெப்பத்திலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் தொடர்ந்தமையே எம்மை வியக்கவைக்கிறது. பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. ஒருவேளை பார்வை கூர்மையடைந்திருக்கலாம் என்று கேலியும் செய்தார்.

முத்துக்கள் எங்கே போயின என்பதற்கு 1902இல் மன்னார்க் கடலுக்கு வந்த ஹேர்ட்மன் அடித்தளத்தையே ஆராய்ந்து விடை தேடினார். இளஞ்சிப்பிகள் குடிபெயரவில்லை, பருவக்காற்று புரட்டிய மணலில் புதைந்தும் மீன்களுக்கு இரையாகியும் மடிந்திருந்தன.