நாதஸ்வரத்தில் 'ஆல் டைம் பெஸ்ட்' யார்? ராஜரத்தினம் பிள்ளையை ஒப்பிடுவது ஏன் கஷ்டம்?

பீலேவா மெஸ்ஸியா, கவாஸ்கரா கோலியா என்று வாட்ஸ்அப் குரூப்பில் மணிக்கணக்காக சண்டை போடுகிறோம் இல்லையா? காவிரி டெல்டாவில் இதே சண்டை நாதஸ்வரத்துக்கும் உண்டு. திருமருகல் நடேசப் பிள்ளையில் தொடங்கி காருக்குறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா வரை பெயர்கள் அடுக்கப்படும். கடைசியில் பேச்சு வந்து நிற்பது பெரும்பாலும் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையிடம்தான்.

1898 ஆகஸ்ட் 27-ம் தேதி பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்பது பிறகு வந்தது. தாய்மாமன்தான் அந்த திருமருகல் நடேசப் பிள்ளை, ஆதீன வித்வான். இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அவர் வாசிப்பைக் கேட்க இன்று நமக்கு வழியே இல்லை. ஒப்பீட்டில் முதல் சிக்கல் இங்கேயே வந்துவிடுகிறது.

சிறுவன் ராஜரத்தினம் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பிடில் வித்வான் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாடம். நாதஸ்வரம் அதற்குப் பிறகுதான். பாடகர் மாதிரி மூச்சை இழுத்து, நிறுத்தி, ராகத்தை விரிக்கும் அவருடைய பாணிக்கு இதுவே அஸ்திவாரம் என்று தோன்றுகிறது.

கருவியே மாறிய கதை

அவருக்கு முன்பு எல்லோர் கையிலும் இருந்தது 'திமிரி' நாதஸ்வரம். குட்டையானது, சுருதி அதிகம். மைக் இல்லாத காலத்தில் சாமி புறப்பாட்டின்போது நாலு வீதிக்கும் கேட்கணுமே, அதற்கு அது சரி. ஆனால் நிதானமாக ராகம் வாசிக்க மூச்சு முட்டும். சுத்த மத்தியமத்தைச் சரியாகப் பிடிக்க உதட்டோடு போராட வேண்டும். கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆச்சாரி நீளமான, சுருதி குறைந்த 'பாரி' நாதஸ்வரத்தை உருவாக்கி இந்தக் குறையைத் தீர்த்தார். அதை எடுத்து வாசித்து ஊரெல்லாம் பரப்பியவர் ராஜரத்தினம்.

அப்படியென்றால் மாமனையும் மருமகனையும் எப்படி ஒப்பிடுவது? மர பேட் காலத்து டென்னிஸ் வீரரை இன்றைய கிராஃபைட் பேட் வீரரோடு நிறுத்துவது மாதிரிதான்.

நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர் சட்டை போடக்கூடாது, இடுப்பில் துண்டு, நின்றுகொண்டேதான் வாசிக்கணும். பாடகருக்கு மேடை, இவர்களுக்கு வாசல். ராஜரத்தினம் கிராப் வெட்டினார், ஷெர்வானி போட்டார், காதில் வைரக் கடுக்கனோடு வந்தார். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று அடம்பிடித்தார். ஒத்துக்குப் பதிலாக தம்புராவை வைத்துக்கொண்டார். திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் பின்னால் வந்த அத்தனை பேரும் அந்த மேடையில்தான் உட்கார்ந்தார்கள்.

1940-ல் 'காளமேகம்' படத்தில் ஹீரோ. 1947 சுதந்திர விழாவுக்கு டெல்லியில் வாசித்தார். தோடி என்றாலே ராஜரத்தினம் என்று ஆனது. கோயில் வீதியில் மணிக்கணக்கில் விரிந்த அந்தத் தோடியை, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் அடைக்க வேண்டியிருந்தது. இன்று யூடியூபில் கேட்டுவிட்டு 'இவ்வளவுதானா' என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

குறையே இல்லாதவரா? இல்லை. மூடு சரியில்லை என்றால் ஒப்புக்கொண்ட கச்சேரிக்கே வரமாட்டார் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. அதே காலத்தின் திருவீழிமிழலை சகோதரர்கள் கீர்த்தனைகளை அச்சுப் பிசகாமல் இணைந்து வாசித்து பெயர் எடுத்தவர்கள். கன்சிஸ்டென்சிதான் அளவுகோல் என்றால் ஓட்டு அவர்களுக்குத்தான் போகும். புகழை வைத்துப் பார்த்தால், அவரிடமே கற்ற காருக்குறிச்சி அருணாசலம் 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்காரவேலனே' பாட்டால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார். சினிமாவின் வீச்சு குருவைவிட சிஷ்யருக்கே அதிகம் கிடைத்தது.

சரி, விருதை வைத்து முடிவு பண்ணலாமா? சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி 1956-ல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும், 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கிடைத்தது. ராஜரத்தினம் 1956 டிசம்பர் 12-ம் தேதி இறந்தார். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து இன்றும் பாரி நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.