டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் சட்டசபைத் தொண்டு

சட்டசபை அங்கத்தினர் என்னும் பெயர் பெறுதல் எளிது. அப்பெயருக்கு உரிய தொண்டு புரிதல் அரிது. ஆசனத்தில் அமர்ந்திருந்த ஆண்டுகளை எண்ணி ஓர் அங்கத்தினரின் பெருமையை அளத்தல் தவறாகும். அவர் யாருக்காகப் பேசினார், எதைச் சாதித்தார், எக்காரணம் பற்றி ஆசனத்தை விட்டு எழுந்தார் என்னும் மூன்று வினாக்களே தக்க அளவுகோல் என்பது நமது துணிபு. இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து, சென்னை மாகாணச் சட்டசபையில் ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளே வீற்றிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சரித்திரம் அரசியலில் ஈடுபட்டோர் அனைவரும் ஊன்றி ஆராயத்தக்கதாகும்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். அம்மணத்தினால் தந்தையார் தமது சுற்றத்தாரின் வெறுப்புக்கு ஆளானார். மகள் ஆடவர் கல்லூரியிற் சேர விரும்பியபோது எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. சமஸ்தானத்து மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் சிறப்புடன் தேறினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்து நடத்தவேண்டும் என்னும் உடன்பாட்டின்மேல் அம்மணம் நிகழ்ந்தது. பிறப்பினால் வரும் இழிவு இன்னதென்பதை ஏட்டிற் கற்றவரல்லர் அவர், இல்லத்திலேயே கண்டவர். இதனை நினைவிற் கொண்டாலன்றி அவரது சட்டசபைத் தொண்டின் வேர் நமக்கு விளங்காது.

சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது. அங்கத்தினராகும் உரிமை 1926-இல்தான் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் சில வாக்குகளில் தோற்றார். பின்னர், இந்திய மாதர் சங்கத்தாரின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையாருக்கு நியமன ஆசனம் கிடைத்தது. மருத்துவத் தொழிலை விட்டு வர அவர் முதலில் தயங்கினார்; ஆயினும் இசைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபைகளில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 1927 ஜனவரியில் சபையார் அவரை ஒருமனதாக உபதலைவராகத் தேர்ந்தனர்.

நியமன அங்கத்தினர் என்றால் சர்க்கார் காட்டிய பக்கம் கைதூக்குவோர் என்பதே அக்காலத்துப் பொது அபிப்பிராயம். அம்மையார் அவ்வழி செல்லவில்லை. அவருக்குத் தொகுதியில்லை, கட்சியில்லை, ஆகவே வாக்கே இல்லாதாரைத் தமது தொகுதியினராகக் கொண்டார். பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்றார்; ஏழைப் பெண்களுக்குக் கல்விச் சம்பளச் சலுகை கேட்டார்; பெண்களின் மணவயதை உயர்த்த வேண்டுமென வாதாடினார்; விபசார விடுதிகளை ஒழிக்கும் சட்டத்திற்குத் துணைநின்றார். இவையெல்லாம் மருத்துவமனையில் நாள்தோறும் கண்ட துன்பங்களிலிருந்து பிறந்த கோரிக்கைகள்.

அவரது பெரும்போர் தேவதாசி முறையை எதிர்த்ததாகும். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைச் சட்டத்தால் தடுக்கவேண்டும் என அவர் 1927 நவம்பரில் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஏற்றது. காந்தியடிகள் இம்முயற்சியை ஆதரித்தார். வைதிகர் எதிர்த்தனர், கலை அழியும் என்றனர் சிலர், தேசியவாதிகளிலும் எதிர்த்தோர் உண்டு. தேவதாசிகளிற் பலரும் சங்கம் கூட்டிச் சர்க்காருக்கு விண்ணப்பம் அனுப்பினர். தங்கள் சொத்துரிமையும் பிழைப்பும் கலையும் ஒருங்கே போய்விடும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளுதல் நியாயமன்று.

இங்கேதான் அம்மையாரின் சட்டத்திறன் வெளிப்படுகின்றது. கோயில் மானிய நிலம் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலம் போகும். நிலம் நிற்க வேண்டுமானால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டவேண்டும். சங்கிலியின் பூட்டு எங்கே உள்ளது என்பதை அவர் கண்டுகொண்டார். 1929-இல் நிறைவேறிய அவரது மசோதா, இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, ஊழியக் கடமையின்றியே அந்நிலங்களை அப்பெண்கள் அனுபவிக்க வழிசெய்தது. சோற்றைப் பறிக்காமல் விலங்கை அறுத்தல் என்பது இதுவேயாகும். பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் அடுத்த மசோதாவை 1930 தொடக்கத்தில் அவர் சபை முன் வைத்தார்.

அவ்வாண்டு மே 5-ஆம் தேதி, உப்புச் சத்தியாக்கிரகத்தின் நடுவே காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அம்மையார் தமது ஆசனத்தை ராஜிநாமா செய்தார். சைமன் கமிஷனைத் தேசம் பகிஷ்கரித்த நாளில், அதன் துணைக்குழுவாகிய ஹார்ட்டாக் கல்விக் குழுவில் அங்கம் வகித்தவர் இவர். பெண்கல்விக்கு நன்மை வருமெனின் சர்க்கார் குழுவிலும் அமரத் தயங்காதவர். அத்தகையவரே இனி அமர்ந்திருத்தல் தகாது என எழுந்தாராயின், அச்செயலின் கனத்தை வாசகர்கள் உணர்வார்களாக.

ஆனால் அதற்குரிய விலையையும் நாம் மறைத்தல் ஆகாது. அவர் வெளியேறியதும் மசோதா கைவிடப்பட்டது. 1937-இல் காங்கிரஸ் மந்திரிசபை பதவி ஏற்று 1939 வரை ஆண்டது. அப்பொழுதும் சட்டம் நிறைவேறவில்லை. 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையின் காலத்தில்தான், தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. பதினேழு ஆண்டுகள்! அதனிடையே பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளுக்கு யார் பொறுப்பு? ராஜிநாமா செய்தவரா? அல்லர் என்பதே நமது தீர்ப்பு. எந்தத் தலைவருக்காக அவர் ஆசனத்தைத் துறந்தாரோ, அவரைப் பின்பற்றியோர் அதிகாரம் பெற்றபின்னும் அவர் விட்ட வேலையை உடனே எடுத்து முடிக்கவில்லை. தியாகத்தைப் புகழ்வது எளிது. தியாகி இறக்கி வைத்த சுமையைத் தோளில் ஏற்றுவதே கடினம். அரசியல் தொண்டர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இது.

அம்மையாரோ வாளாவிருக்கவில்லை. தமது சட்டசபை அனுபவங்களை 1930-இலேயே ஓர் ஆங்கில நூலாக வெளியிட்டார். அம்முறையிலிருந்து தப்பித் தம்மிடம் வந்த இளம்பெண்களுக்கு வேறு விடுதிகளில் இடங்கிடைக்காமை கண்டு, தம் இல்லத்திலேயே புகல் அளித்தார். ஔவை இல்லம் அவ்வாறு தோன்றியதே. சட்டம் செய்யாததை ஒரு வீட்டின் கதவு செய்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரம் நெஞ்சில் நின்றமையால், பல ஆண்டுகள் உழைத்து 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கச் செய்தார். 1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி மறைந்தார்.

முதலிற் கூறிய மூன்று வினாக்களுக்கும் இச்சரித்திரம் விடை தருகின்றது. வாக்கற்றவருக்காகப் பேசினார்; நிலத்தையும் மானத்தையும் மீட்டுத் தந்தார்; தேசத்தின் தன்மானம் அழைத்தபோது எழுந்தார். ஆசனம் அவருக்கு ஒரு கருவி. அதனைக் கைக்கொள்ளும் காலமும் கைவிடும் காலமும் அவர் அறிந்திருந்தார். சட்டசபை புக விரும்புவோர், தேர்தல் நாளில் வரும் வாக்காளரை மட்டுமன்றி, அன்று வர இயலாத ஏழைச் சிறுமியையும் தம் கணக்கில் எழுதிக்கொள்வார்களாக. அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாகும்.