குற்றத்திற்குப் பெயர் வைத்தவர்

சட்டம் படிக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால்தானோ என்னவோ, ரஃபேல் லெம்கின் என்ற யூதச் சட்டத்தரணியின் வாழ்க்கை என்னைப் பிடித்து நிறுத்தியது. இனப்படுகொலை என்ற குற்றத்திற்கு உலகம் வழங்கும் பெயரை ஆக்கியவர் அவரே.

1900 இல், இன்று பெலாரஸ் நாட்டிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். 1921 இல் ஆர்மேனிய இளைஞன் ஒருவன், தன் மக்களின் அழிவுக்குப் பொறுப்பாளி என்று உதுமானிய முன்னாள் அமைச்சர் தலாஅத் பாஷாவை பெர்லின் வீதியில் சுட்டுக்கொன்றான். ஒருவரைக் கொன்றவனுக்கு வழக்கு உண்டு. ஒரு மக்களையே அழித்தவர்களுக்கு ஏன் இல்லை? அரசு தன் குடிகளுக்கு எதைச் செய்தாலும் அது உள்வீட்டு விவகாரம் என்பதே அக்காலச் சட்டம். அந்தக் கேள்வி லெம்கினை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1939 இல் நாஜிப் படைகளிடமிருந்து தப்பி, சுவீடன் வழியாக 1941 இல் அமெரிக்கா சேர்ந்தார். பெற்றோர் உட்பட உறவினர் 49 பேரை இழந்தார். கிரேக்கச் சொல்லொன்றையும் இலத்தீன் சொல்லொன்றையும் ஒட்டி அவர் ஆக்கிய பெயர் 1944 இல் அவரது நூலில் அச்சேறியது.

1948 டிசம்பர் 9 இல் ஐ.நா. பொதுச்சபை பாரிஸில் இனப்படுகொலைச் சமவாயத்தை ஏற்றது. ஆனால் தேசிய, இனத்துவ, மரபின, சமயக் குழுக்களுக்கு மட்டுமே அதில் இடம். அரசியல் குழுக்கள் விடுபட்டன. சோவியத் ஒன்றியமும் வேறு சில நாடுகளும் அதை எதிர்த்தன. சமவாயம் நிறைவேறினாற் போதுமென்று லெம்கினும் இணங்கினார். அந்த இணக்கத்தை என் மனம் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஒரு மக்களின் மொழியையும் நூல்களையும் வணக்கத்தலங்களையும் அழிப்பதும் குற்றமாக வேண்டுமென அவர் பெரிதும் விரும்பினார். அதுவும் வெட்டுண்டது, பிள்ளைகளை வலிந்து வேறு குழுவிடம் மாற்றுவது மட்டும் தப்பியது.

1959 இல் நியூயோர்க்கில் வறியவராகவே இறந்தார். 1998 இன் உரோம் நியதிச்சட்டமும் அதே வரைவிலக்கணத்தையே எடுத்துக்கொண்டது.

நாட்டுச் சட்டங்கள் சில அப்படி அடங்கி நிற்கவில்லை. பிரான்ஸின் தண்டனைச் சட்டக்கோவை எந்த அளவுகோலால் வகுக்கப்பட்ட குழுவையும் காக்கிறது; ஆனால் கூட்டுத் திட்டமொன்று இருந்ததைக் காட்டச் சொல்கிறது. பங்களாதேஷின் 1973 ஆம் ஆண்டுச் சட்டமும் எத்தியோப்பியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டக்கோவையும் அரசியல் குழுக்களைச் சேர்த்துக்கொண்டன. அந்தக் கோவையின்படியே, தன் அரசியல் எதிரிகளைக் கொன்றொழித்த மெங்கிஸ்துவை 2006 இல் எத்தியோப்பிய நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றவாளியாகக் கண்டது. சமவாயத்தின் சொற்களை மட்டும் வைத்திருந்தால், அந்த மரணங்களுக்கு லெம்கின் தந்த பெயரைச் சூட்டியிருக்க முடியாது.