அசரியா அத்தியட்சர்

ஓரினத்தாரை மற்றோரினத்தார் இகழ்வது உலகறிந்த தீமை. இகழப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே மேல் கீழ் வகுத்துக்கொள்வதோ அதனினுங் கொடிது. அமெரிக்கக் கறுப்பின மக்களுள் வெளிர்நிறத்தார் கருநிறத்தாரைத் தாழ்வாய் எண்ணிய வழக்கமும், நம் வீடுகளில் கறுத்த பெண்ணுக்கு வரன் தேடுங்கால் எழும் முணுமுணுப்பும் இவ்வகையினவே. இத்தீமையின் இரு முகங்களையுங் கண்டு, இரண்டையும் எதிர்த்து நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா அத்தியட்சர்.

இவர் 1874ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17ஆம் தேதி திருநெல்வேலி நாட்டு வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் குமாரராய்ப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, 1895இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் ஊழியரானார். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றுழைத்தார். 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாய்ச் சென்றார்.

1910இல் எடின்பரோவிற் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில் வெள்ளையரே மிகுந்திருந்தனர். அவர்முன் இவர், மிஷனரிமாரின் தியாகத்தைப் போற்றியபின், இந்தியரை அவர்கள் நண்பராய் ஏற்காத குறையை அஞ்சாது எடுத்துரைத்தார். கேட்டோரிற் சிலர் மனங்கசந்தனர்.

இவரை அத்தியட்சராக்க எண்ணியபோது, இந்தியர் ஒருவர் அப்பதவி வகித்தலாகாதென ஐரோப்பியர் சிலர் தடுத்தனர். அதனினும் வருந்தத்தக்கது, திருநெல்வேலிக் கிறிஸ்தவருள்ளேயே சிலர், இவர் நாடார் குலத்தவரென்பது கருதி எதிர்த்ததாகும். எனினும் 1912ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 29ஆம் தேதி கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் இவர் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

தோர்ணக்கல்லிலும் அதே நோய் வேறுருவில் இவரை எதிர்கொண்டது. அங்கே திருச்சபையிற் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலரும் மாதிகருமாவர். ஊரார் இருவரையும் ஒருங்கே தீண்டாதாராக ஒதுக்கினர். அவ்வாறிருந்தும், தோற்றொழில் செய்யும் மாதிகரைத் தம்மிலும் தாழ்ந்தவராக மாலர் விலக்கினர். அசரியாவோ இருவருக்கும் ஒரே ஆலயம், ஒரே திருவிருந்து என்பதில் உறுதியாய் நின்றார். இந்நாட்டுச் சிற்பமுறை தழுவி அவர் எழுப்பிய பேராலயம் 1939இல் பிரதிஷ்டையாயிற்று. 1945ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி அவர் தேவனடி சேர்ந்தார்.

வாணியம்பாடி முதல் ஆம்பூர்வரை தோற்றொழிலால் வாழும் இந்நாட்டினராகிய நமக்கு மாதிகரின் துயர் அயலானதன்று. பிறர் நம்மை இகழும்போது வெகுளும் நாம், நம்மிற் கறுத்தவரையும் எளியவரையும் எவ்வாறு நோக்குகின்றோம்? மாணவ நண்பர்காள், அசரியாவின் சரிதம் நம்மிடம் கேட்பது இதுவே.